பாரிஸ் உடுப்புக் கடைகளில் கதைக்கச் சில சொற்கள்

பாரிஸ் நகரின் வடக்குப் புகையிரத நிலையத்தை விட்டு வெளியே வந்து, ஃபோபூர் ஸான் தெனி என்னும் வீதியால் வடக்கு நோக்கிச் சில நிமிடங்கள் நடந்தால் தமிழ்ப் பெயர்ப் பலகைகள் தொடங்கிவிடும். எங்கள் சனம் அந்தப் பகுதியை 'லா சப்பல்' என்று சொல்லுகிறது. முருங்கைக்காயும் ஒடியல் மாவும் விற்கும் பலசரக்குக் கடைகள், சீலைக் கடைகள், நகைக் கடைகள் எல்லாம் அங்கே உண்டு. அங்கே ஒரு பிரெஞ்சுச் சொல்லும் தெரியாமல் ஒரு கலியாணத்திற்கு வேண்டிய அவ்வளவையும் வாங்கி முடிக்கலாம். ஆனால் வீதியின் அந்தத்தில் மெற்றோ ரயில் ஓடுகின்ற உயரமான இரும்புப் பாலம் ஒன்று குறுக்கே நிற்கிறது. அந்தப் பாலத்தைத் தாண்டி மேற்குப் பக்கம் திரும்பினால் தமிழ் குறைந்துவிடும். குளிர் அங்கி, கம்பளிக் காலுறை, நல்ல சப்பாத்து, உள்ளாடை எல்லாம் அந்தப் பக்கந்தான் மலிவு.

2024ஆம் ஆண்டு தை மாதம் தொடக்கம் மூன்று மாதங்கள் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். நான் ஊரில் தையல் படிப்பிக்கிறவள். ஆகவே கோபுரம் பார்ப்பதைவிட உடுப்புப் பார்ப்பதில்தான் எனக்கு விருப்பம். அக்காவோடும் அவருடைய சிநேகிதிகளோடும் கடை கடையாக ஏறி இறங்கியபோது கேட்டும் எழுதியும் வைத்துக்கொண்ட சொற்களை வாசகச் சகோதரிகளோடு பகிர்ந்துகொள்ள நினைத்தேன். உங்களில் பலருக்குப் பிரான்சில் ஒரு பிள்ளையோ சகோதரமோ இருக்கக்கூடும். சிலர் கணவரிடம் போவதற்கு விசாவுக்குக் காத்திருப்பீர்கள்.

மருந்து, சட்டம், விசா என்று எத்தனையோ இருக்க, உடுப்புக் கடைச் சொற்கள் எதற்கு என்று யாரும் கேட்கலாம். வைத்தியசாலைக்கும் அலுவலகத்திற்கும் மொழிபெயர்க்க ஒருவரைக் கூட்டிப் போகலாம், சில இடங்களில் அவர்களே ஒருவரை ஒழுங்குசெய்து தருவார்கள். உடுப்பு வாங்க யாரும் மொழிபெயர்ப்பாளர் அனுப்புவதில்லை. அதனால் நடப்பது என்ன? வீட்டில் நன்றாகப் பிரெஞ்சு கதைக்கிறவர் பள்ளிக்கூடம் போகிற மகன். தாய் தன் உள்ளாடையின் அளவைச் சொல்ல, அந்தப் பத்து வயதுப் பிள்ளை முகம் சிவக்கச் சிவக்க அதைக் கடைக்காரிக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் கணவர் வாங்கி வருவதைப் போடுவது. அதுவும் இல்லாவிட்டால் கேட்காமல் பார்க்காமல் எதையாவது எடுத்துக் காசைக் கொடுத்துவிட்டு வருவது. அக்கா இருபது வருடத்திற்கு மேலாக அப்படித்தான் உடுத்தார்.

சொற்களுக்குப் போகுமுன் உச்சரிப்புப் பற்றி இரண்டு வார்த்தை. இங்கே நான் 'ஜ' என்று எழுதுவதை 'ராஜா'வில் வருவது போல நாக்கை அடித்துச் சொல்லக்கூடாது. 'ஷ' சொல்வதற்கு வாயை வைத்துக்கொண்டு தொண்டையால் ஒலி கொடுத்தால் அது சரியாக வரும். 'பொன்', 'கிரான்' என்பவற்றில் வரும் 'ன்'னுக்கு நாக்கு எங்கும் தொடுவதில்லை, மூக்கால் விட்டுவிட வேண்டியதுதான். 'ர' தொண்டையில் உரசும். இவையெல்லாம் பிழைத்தாலும் பரவாயில்லை, ஆட்கள் விளங்கிக்கொள்வார்கள்.

முதற் சொல் 'பொன்ஜூர்'. வணக்கம். இதை நான் சும்மா மரியாதைக்காகச் சொல்லவில்லை. பிரெஞ்சுக் கடைக்குள் கால் வைத்ததும் 'பொன்ஜூர் மதாம்' என்று சொல்லாமல் நேரே பொருளைத் தொட்டால் அல்லது விலையைக் கேட்டால் அங்கே அது பெரிய அவமரியாதை. ஆளில்லாத வீட்டுக்குள் நுழைவது போல நுழைந்துவிட்டதாக நினைப்பார்கள். எங்கள் ஆட்கள் கூச்சத்தில் தலையைக் குனிந்துகொண்டு பேசாமல் போவார்கள். கடைக்காரி அதைத் திமிர் என்று எண்ணி முகத்தைத் திருப்புவாள். 'வெள்ளைக்காரிக்கு எங்களைக் கண்டால் பிடிக்காது' என்று நாங்கள் வந்துவிடுவோம். எல்லா இடத்திலும் அப்படி என்று சொல்ல மாட்டேன். நிறத்தைப் பார்த்து நடக்கிறவர்களும் உண்டு. ஆனால் பாதிக்குப் பாதி அந்த ஒரு சொல்லின் குறைதான் என்று எனக்குப் பட்டது. கடையில் நிற்பவர் ஆண் என்றால் 'பொன்ஜூர் மெஸ்யூ'. வெளியே வரும்போது ஒன்றும் வாங்காவிட்டாலும் 'மெர்ஸி, ஓர்வுவார்' என்று நன்றியும் விடையும் சொல்ல வேண்டும். எங்கள் 'நீ', 'நீங்கள்' போல அவர்களுக்கும் 'த்யூ', 'வூ' என்று இரண்டு உண்டு. கடையில் எப்போதும் 'வூ'தான்.

பொன்ஜூர் சொன்னதும் கடைக்காரி கிட்ட வந்து என்ன வேண்டும் என்று கேட்பாள். பதறத் தேவையில்லை. 'ஜ ரகார்த், மெர்ஸி' என்றால் போதும். 'நான் பார்க்கிறேன், நன்றி' என்பது பொருள். சிரித்துவிட்டு விலகிப் போவாள். இந்த நான்கு எழுத்துச் சொல்லில் பெரிய சுதந்திரம் இருக்கிறது. வாங்குவதற்குக் காசு இல்லாமலும் பார்க்கலாம், தொடலாம், திருப்பி வைக்கலாம்.

இந்தப் 'பார்ப்பது' என்பது பாரிசில்கூட எப்போதும் இருந்ததில்லை. இருநூறு வருடங்களுக்கு முன் துணிக்கடைகளில் விலை எழுதி வைப்பதில்லை. ஆளைப் பார்த்து விலை சொல்வார்கள். உள்ளே போனவர் வாங்காமல் வெளியே வருவது முறையல்ல. 19ஆம் நூற்றாண்டில் சில கடைகள் இதை மாற்றத் தொடங்கின. அவற்றில் பெயர் பெற்றது 'போன் மார்ஷே'. அரிஸ்தீத் பூஸிக்கோ என்பவர் 1852இல் அந்தக் கடையில் பங்காளியாகச் சேர்ந்து, எழுதிய விலை, யாரும் உள்ளே வந்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்ற முறைகளைப் பெரிய அளவில் நடத்திக் காட்டினார். 'ஆந்த்ரே லீப்ர்', அதாவது 'தடையின்றி உள்ளே வரலாம்' என்ற பலகை இன்றும் சில கடை வாசல்களில் தொங்குகிறது.

எனக்கு அவரைவிட அவருடைய மனைவியின் கதைதான் பிடித்தது. மார்கெரித் என்னும் அந்த அம்மையார் 1816இல் வெர்ஜூ என்ற கிராமத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். பாரிசுக்கு வந்து துணி வெளுக்கும் இடத்தில் வேலை செய்தவர். 1877இல் கணவர் இறந்த பிறகு கடையைத் தானே பொறுப்பேற்றார். தொழிலாளருக்கு ஓய்வூதிய நிதி ஏற்படுத்தினார். ஊர் ஆற்றுக்குப் பாலம் கட்டக் காசு கொடுத்தார். 1887இல் இறந்தபோது சொத்தில் பெரும் பங்கைத் தொழிலாளருக்கும் தருமத்திற்கும் எழுதி வைத்திருந்தார். கடைக்கு அருகிலுள்ள சிறு பூங்காவில் அவருடைய சிலை இருக்கிறது. பிகால் என்ற இடத்தில் மாறி 12ஆம் இலக்க மெற்றோ எடுத்து ஒரு நாள் போய்ப் பார்த்தேன். 'போன் மார்ஷே' என்றால் பிரெஞ்சில் 'மலிவு' என்று பொருள். உள்ளே ஒரு கழுத்துத் துண்டின் விலையைப் பார்த்தேன், பிறகு பெயர்ப் பலகையை இன்னொரு தடவை பார்த்தேன். ஆனாலும் 'ஜ ரகார்த்' அங்கேயும் செல்லுபடியாகும். ஒரு மணித்தியாலம் தையல்களைப் பார்த்துவிட்டு வந்தேன்.

உண்மையான மலிவு அக்கா வீட்டுப் பக்கந்தான். லா சப்பலில் இருந்து மேற்கே அந்த இரும்புப் பாலத்தின் கீழேயே நடந்தால் அடுத்த மெற்றோ நிலையம் பார்பெஸ். அங்கேதான் 'தாத்தி' இருந்தது. எங்கள் ஆட்களில் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பாரிசுக்கு வந்தவர்களைக் கேளுங்கள், முதற் குளிர் அங்கி தாத்தியில் வாங்கியது என்பார்கள் பலர். தூனிஸ் நகரிலிருந்து வந்த ஜூல் உவாக்கி என்னும் யூதர் 1948இல் தொடங்கிய கடை அது. பெட்டி பெட்டியாக உடுப்பைக் குவித்து வைத்து, ஆட்கள் தாங்களே கிளறி எடுக்க விட்டார். இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட அதன் பை ஊர் வரைக்கும் வந்திருக்கிறது. என் மாமி ஒருவர் அந்தப் பையில்தான் பல வருடங்கள் காணி உறுதிகளைச் சுற்றி வைத்திருந்தார். பார்பெஸ் தாத்தி 2021இல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அந்த வீதி ஓரங்களில் மலிவுக் கடைகளும், 'ஃப்ரிப்ரி' எனப்படும் பாவித்த உடுப்புக் கடைகளும் இன்னும் நிறைய உண்டு. அபே பியேர் என்னும் பாதிரியார் 1949இல் தொடங்கிய 'எம்மாவுஸ்' அமைப்பின் கடைகளிலும் நன்கொடையாக வந்த உடுப்புகள் மலிவாகக் கிடைக்கும். பாவித்த உடுப்பு என்று கூச்சப்பட வேண்டாம். படித்த பிரெஞ்சுப் பிள்ளைகளே அங்கே வரிசையில் நின்று வாங்குகிறார்கள்.

தேவையானதைக் கேட்பதற்கு 'ஜ ஷெர்ஷ்' என்று தொடங்கலாம். 'நான் தேடுகிறேன்' என்பது பொருள். 'ஜ ஷெர்ஷ் அன் மாந்தோ' என்றால் குளிர் அங்கி தேடுகிறேன். 'யூன் ரோப்' சட்டை, 'யூன் ஜூப்' பாவாடை, 'அன் பாந்தலோன்' காற்சட்டை. பிரெஞ்சில் உடுப்புக்கும் ஆண்பால் பெண்பால் உண்டு. ஆண்கள் போடும் 'ஷெமீஸ்' பெண்பால், பெண்கள் போடும் 'ஷெமிஸியே' ஆண்பால்! இதில் நியாயம் தேடிப் பயனில்லை. பாலைப் பிழையாகச் சொன்னாலும் உடுப்பு வந்து சேரும்.

காற்சட்டை என்றதும் ஒரு செய்தி. 1800ஆம் ஆண்டில் பாரிஸ் பொலிஸ் தலைமையகம் ஓர் உத்தரவு போட்டது. ஆண்களைப் போல உடுக்க விரும்பும் பெண் முதலில் பொலிசாரிடம் அனுமதி பெற வேண்டும் என்று. பிற்காலத்தில் துவிச்சக்கர வண்டி ஓட்டும் பெண்களுக்கும் குதிரை ஓட்டும் பெண்களுக்கும் மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். யாரும் கவனிக்காமலே ஏட்டில் கிடந்த அந்த உத்தரவு செல்லாது என்று பிரெஞ்சு அமைச்சர் ஒருவர் அறிவித்தது 2013இல்தான். அக்கா துப்புரவு வேலைக்குப் போகத் தொடங்கியபோது முதன்முதலாகக் காற்சட்டை போட்டுக்கொண்டு அழுதாராம். 'பாரிஸ்காரிக்கே அனுமதி வேண்டியிருந்ததாம் அக்கா' என்று சொன்னேன். 'அப்ப நான் முந்திப்போட்டன்' என்று சிரித்தார்.

இனி அளவு. பிரெஞ்சில் அளவுக்குச் சொல் 'தாய்'. ஆம், எங்கள் தாய்தான், உச்சரிப்பும் அப்படியே. இதை ஒருதரம் கேட்டால் யாரும் மறப்பதில்லை. கடைக்காரி 'வூ ஃபெத் கெல் தாய்?' என்பாள். உங்கள் அளவு என்ன என்று கேட்கிறாள். 'கராந்த் தொ', அதாவது 42 என்று சொல்லலாம். நாங்கள் ஊரில் பழகிய ஆங்கில அளவு அங்கே வேறு. ஆங்கில 10 பிரெஞ்சில் 38. 12 என்றால் 40, 14 என்றால் 42. ஒரே உடுப்பின் துண்டில் பல நாட்டு அளவுகள் அச்சிடப்பட்டிருக்கும். ஜேர்மனிக்கு 38 என்று இருப்பது பிரான்சுக்கு 40, இத்தாலிக்கு 44. ஆகவே 'எஃப்' அல்லது 'எஃப் ஆர்' என்ற எழுத்துக்கு அருகிலுள்ள இலக்கத்தைப் பாருங்கள். சப்பாத்துக்குத் தாய் இல்லை, அதற்குப் 'புவாந்த்யூர்' என்று தனிச் சொல்.

மார்க் கச்சைக்கு 'ஸூத்தியான் கோர்ஜ்' என்று பெயர். இதிலும் அளவு வேறு. எங்கள் 32 அங்கே 85, 34 அங்கே 90, 36 அங்கே 95. பக்கத்து எழுத்து பெரும்பாலும் மாறாது. இந்த ஓர் இலக்கத்தைத் துண்டில் எழுதிக் கைப்பையில் வைத்திருந்தால் மகனைக் கூட்டிப் போகத் தேவையில்லை.

இலக்கங்களைச் சொல்வதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். 70க்கு அவர்கள் 'ஸுவாஸாந்த் தீஸ்', அதாவது 'அறுபது பத்து' என்பார்கள். 80 'கத்ர வன்', நான்கு இருபது. 90 'கத்ர வன் தீஸ்', நான்கு இருபது பத்து. சிரிக்க வேண்டாம். ஒன்பது பத்தைத் 'தொண்ணூறு' என்று நூறைக் கொண்டு வந்து சொல்கிறவர்கள் நாங்கள். விலை விளங்காவிட்டால் 'எழுதிக் காட்டுங்கள்' என்று கையால் காட்டினாலும் போதும். விலை கேட்பதற்கு 'ஸே கொம்பியான்?'. கூடிய விலை என்றால் 'ஸே த்ரோ ஷேர்'. கடைகளில் பேரம் பேசுவதில்லை. தெருச் சந்தையில் மட்டும் 'தெர்னியே ப்ரி?', கடைசி விலையா என்று கேட்டுப் பார்க்கலாம்.

போட்டுப் பார்ப்பதற்கு 'ஜ பொ எஸேயே?' என்று கேட்க வேண்டும். போட்டுப் பார்க்கும் சிற்றறைக்குக் 'கபீன்' என்று பெயர். இங்கேதான் எங்கள் பெண்களில் பலர் நின்றுவிடுகிறார்கள். அக்காவின் சிநேகிதி ஒருவர் முல்லைத்தீவுப் பக்கத்தைச் சேர்ந்தவர். 2009இல் செல் விழுந்து இடது கை முழங்கைக்குக் கீழே இல்லை. முதுகிலும் காயத் தழும்புகள். நாற்பது வயதிருக்கும். பாரிசுக்கு வந்து ஒன்பது வருடத்தில் ஒரு தடவையும் கபீனுக்குள் போனதில்லை. திரைச்சீலையை விலக்கி யாராவது உதவ வந்துவிடுவார்கள் என்று பயம். யார் யாரோ வாங்கிக் கொடுத்ததைப் போட்டார். சின்னத் தெறிகள் வைத்த சட்டையென்றால் தெறி பூட்டுவதற்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட வேண்டும்.

அவரையும் கூட்டிக்கொண்டு பார்பெஸ் போனோம். அதற்கு முன் அக்காவின் மகள் மூன்று வசனங்களைத் தமிழில் எழுதிக் கொடுத்தாள். முதலாவது 'ஸான் பூத்தோன்', தெறி இல்லாமல். பூத்தோன் என்பது எங்கள் பொத்தானுக்கு உறவு. நாங்கள் போர்த்துக்கேயரிடம் இருந்து எடுத்த சொல், அவர்களும் பிரெஞ்சுக்காரரும் ஒரே குடும்பத்து மொழிக்காரர். இரண்டாவது 'மான்ஷ் லோங்', நீளக் கை. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவிலுள்ள கடலுக்கும் பிரெஞ்சில் 'மான்ஷ்' என்றே பெயர், சட்டைக் கை போல ஒடுங்கிக் கிடப்பதால். மூன்றாவது கொஞ்சம் நீளம்: 'ஜ ப்ரெஃபேர் எஸேயே ஸொல்'. நான் தனியாகப் போட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

"எனக்கு உது வாயில வராது அக்கா. நீங்களே சொல்லிவிடுங்கோ" என்றார்.

"நீர்தான் சொல்ல வேணும். நான் அடுத்த மாதம் ஊருக்குப் போயிடுவன். பிறகு ஆர் சொல்லுறது?" என்றேன்.

கடையில் நின்றவர் ஓர் ஆபிரிக்கப் பெண். முதலிரண்டையும் கேட்டுவிட்டு நாலைந்து மேற்சட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கபீன் வரைக்கும் வந்து, கையைக் கண்டதும் உதவி செய்கிற எண்ணத்தில் சட்டைக் கையைப் பிடித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. தங்கச்சி நிலத்தைப் பார்த்துக்கொண்டு, 'ஜ ப்ரெஃபேர்...' என்று தொடங்கி முழுவதையும் சொல்லி முடித்தார். அந்தப் பெண் உடனே கையை எடுத்தார். 'தக்கோர்', சரி என்று சொல்லித் திரையை இழுத்துவிட்டு, முதுகைத் திரைக்குக் காட்டி வாசலில் காவல் மாதிரி நின்றார். அடுத்த கபீனுக்குப் போக வந்தவர்களையும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.

முதற் சட்டை அளவாகத்தான் இருந்தது. வெளியே வந்து கண்ணாடியில் பார்த்துவிட்டு, "பிடிக்கேல்லை எண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்று எங்களைக் கேட்டார்.

"ஏன், அளவு காணாதோ?" என்றார் அக்கா.

"அளவு சரி. மண் நிறம் எனக்குப் பிடிக்கேல்லை."

'ஸா ந ம ப்ளே பா' என்று அக்காவின் மகள் சொல்லிக் கொடுத்தாள். இது எனக்குப் பிடிக்கவில்லை. அதை அவர் கடைக்காரியிடம் சொன்னபோது எனக்கு 1995 நினைவு வந்தது. வலிகாமத்தில் இருந்து இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தபோது மூட்டை பிரித்து உடுப்புக் கொடுத்தார்கள். எனக்குக் கிடைத்தது என்னைவிட இருமடங்கு பெரிய ஒருத்தியின் சட்டை. கொடுத்தவர்கள் நல்ல மனதோடு கொடுத்தார்கள், அதில் குறையில்லை. ஆனால் அந்த வரிசையில் நின்று 'இது பிடிக்கவில்லை, வேறு தாருங்கள்' என்று யாரும் சொன்னதை நான் காணவில்லை. வாங்கி, ஊசி நூலால் பிடித்துப் போட்டோம். அகதி முகாம்களில் இருந்த சகோதரிகளுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

நாலாவது சட்டைதான் சரிவந்தது. கடும் பச்சை, முன்பக்கம் பெரிய வளையம் வைத்த இழுவைப் பூட்டு. பிரெஞ்சில் அதற்கு 'ஃபெர்மெத்யூர் எக்லேர்', மின்னல் பூட்டு என்று அழகான பெயர். ஒற்றைக் கையால் மேலும் கீழும் மூன்று தரம் இழுத்துப் பார்த்தார். 'ஸா ம வா', எனக்குப் பொருந்துகிறது. எங்களுக்கு 'வா' என்றால் வருவது, அவர்களுக்கு 'வா' என்றால் போவது. பிறகு 'ஜ ல ப்ரான்', இதை எடுக்கிறேன். பதினொரு யூரோ.

பொருந்தாதவற்றைச் சொல்ல ஒரு சின்னச் சொல் உதவும்: 'த்ரோ', அளவுக்கு மிஞ்சி. 'த்ரோ கிரான்' மிகப் பெரிது, 'த்ரோ ப்தி' மிகச் சிறிது, 'த்ரோ ஸெரே' இறுக்கம், 'த்ரோ லோன்' நீளம், 'த்ரோ கூர்' கட்டை. அடுத்த பெரிய அளவு கேட்க 'ப்ளியூ கிரான்', சிறியது கேட்க 'ப்ளியூ ப்தி'. புத்தகங்களில் 'மேல் அளவு', 'கீழ் அளவு' என்று வேறு இரண்டு சொற்கள் போட்டிருக்கிறார்கள். இரண்டும் எங்கள் காதுக்கு ஒன்று போலவே கேட்கும், பெரியது கேட்டால் சிறியது வரும். அவற்றை விட்டுவிடுங்கள்.

வாங்க மனமில்லாவிட்டால் 'ஜ வே ரெஃப்லெஷீர்' என்று சொல்லி வரலாம். யோசிக்கிறேன் என்பது பொருள். எல்லோருக்கும் அதன் உண்மையான பொருள் தெரியும், யாரும் கோபிக்க மாட்டார்கள்.

காசு கொடுக்கும் இடத்தில் 'கார்த் ஊ எஸ்பேஸ்?' என்பார்கள். அட்டையா, கைக்காசா என்று. பிறகு மறக்கக் கூடாத ஒன்று 'ல திக்கே, ஸில் வூ ப்ளே', பற்றுச்சீட்டைத் தாருங்கள். 2023 ஆவணி முதலாம் திகதியில் இருந்து கடைகள் பற்றுச்சீட்டைத் தாங்களாக அச்சிட்டுக் கொடுப்பதில்லை, கேட்டால்தான் தருவார்கள். அது இல்லாமல் திருப்பிக் கொண்டு போனால் வழக்குப் பேச இடமில்லை. இன்னொன்று, கடையில் நேரே வாங்கிய உடுப்பு மனம் மாறியதற்காகத் திருப்பி எடுக்கப்பட வேண்டும் என்று பிரெஞ்சுச் சட்டத்தில் இல்லை. பல கடைகள் எடுக்கும், அது அவர்களுடைய விருப்பம். ஆகவே வாங்குமுன் 'ஜ பொ எஷான்ஜே?', மாற்றலாமா என்று கேளுங்கள். உடுப்பில் பழுது இருந்தால் கதை வேறு, அதற்குக் கடைக்காரர் பொறுப்பு. மலிவு விற்பனையில் வாங்கியதானாலும் பொறுப்புத்தான். அக்கா ஒரு கடையில் வாங்கிய அங்கியின் உட்துணி இரண்டாம் நாளே கிழிந்து போனது. 'மலிவில் வாங்கியது, மாற்ற மாட்டோம்' என்றார்களாம். பேசாமல் வந்துவிட்டார். பேசியிருக்கலாம்.

மலிவு விற்பனைக்கு 'ஸோல்த்' என்று பெயர். அது கடைக்காரர் நினைத்த நேரம் வைப்பதல்ல, சட்டத்தால் நாள் குறித்தது. வருடத்தில் இரண்டு தடவை, தை மாத இரண்டாம் கிழமையளவிலும் ஆனி மாதக் கடைசியிலும் தொடங்கும். முன்பு ஆறு வாரம் நடந்தது, 2020இல் இருந்து நான்கு வாரம். முதற் கிழமை தெரிவு கூட, கடைசிக் கிழமை விலை குறைவு. அக்கா கடைசிக் கிழமைக்காரி.

உடுப்பைப் பார்க்கும்போது உள்ளே தைத்திருக்கும் துண்டையும் வாசிப்பது எனக்கு வழக்கம். 'கொத்தோன்' பருத்தி, 'லேன்' கம்பளி, 'ஸுவா' பட்டு. ஒரு மார்க் கச்சையின் துண்டில் 'ஃபப்ரிக்கே ஓ ஸ்ரீலங்கா' என்று இருந்தது. ஸ்ரீலங்காவில் செய்யப்பட்டது. போருக்குப் பிறகு கிளிநொச்சியிலும் வவுனியாவிலும்கூட ஆடைத் தொழிற்சாலைகள் திறந்திருக்கிறார்கள். என்னிடம் படித்த பிள்ளைகள் சிலர் அங்கே வேலை. இது எந்தத் தொழிற்சாலையோ தெரியாது. தையலைத் திருப்பிப் பார்த்தேன், பிழை சொல்ல ஒன்றுமில்லை. விலையைப் பார்த்தபோது அவர்களுடைய மாதச் சம்பளம் மனதில் வந்தது. அதைத் திருப்பிக் கொளுவிவிட்டேன்.

பார்பெசைத் தாண்டி இன்னும் மேற்கே, வெள்ளைக் கோயில் தெரியும் குன்றின் அடிவாரத்தில், ஸான் பியேர் என்ற துணிச் சந்தை இருக்கிறது. கடைகள் முழுவதும் துணிதான். சில இடங்களில் மீற்றருக்கு வெட்டித் தருவார்கள். சில இடங்களில் 'கூப்போன்' என்று முன்பே வெட்டி மடித்து வைத்த துண்டாக வாங்க வேண்டும். தைக்கத் தெரிந்தவளுக்கு அங்கே கதைப்பதற்கு அதிகம் மொழி தேவைப்படவில்லை. விரலால் நெய்தலைத் தடவி, மூலையைக் கசக்கிப் பார்த்தேன். வெட்டும் மேசையில் நின்ற முதிய பெண் என் கையைப் பார்த்துவிட்டு, 'குதூரியேர்?' என்றார். தையற்காரியா என்று கேட்கிறார் என்பது விளங்கியது. 'வி', ஓம் என்றேன். 'த்ருவா மெத்ர், ஸில் வூ ப்ளே.' மூன்று மீற்றர். அவர் மரக் கோலை வைத்து மூன்று தரம் அளந்தார். பிறகு நான்கு விரல் அகலம் மேலதிகமாக விட்டு வெட்டினார்.